நடுவானில் ஒரு பயணிக்கு உடல்நிலை மோசமானால்: அருகில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைகளையும் பேரக்குழந்தைகளையும் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செல்லும் பெரியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வருகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஆகியவற்றில் ஒன்றாவது அவர்களில் பலருக்கு இருக்கும். இவர்களில் ஒருவருக்கு முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் உடல்நிலை மோசமானால் ஆம்புலன்ஸ் வராது. விமானத்தில் இருக்கும் மனிதர்களையும், இரண்டு மூன்று பைகளுக்குள் அடங்கிவிடும் மருந்துகளையும், தரையிலிருந்து பேசும் ஒரு மருத்துவரின் குரலையும் வைத்தே சமாளிக்க வேண்டும். இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்து விமான நிறுவனங்களில் 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை நேர்ந்த 11,920 சம்பவங்களை ஆராய்ந்து, 2013-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வின்படி, சுமார் 604 விமானப் பயணங்களுக்கு ஒன்றில் இத்தகைய அவசரநிலை ஏற்பட்டது. அவற்றில் 37.4 சதவீதம் மயக்கமும் மயக்கம் வருவதுபோன்ற நிலையும், 12.1 சதவீதம் மூச்சுக்கோளாறு, 9.5 சதவீதம் குமட்டலும் வாந்தியும். விமானத்தை வேறு ஊருக்குத் திருப்ப வேண்டி வந்தது 7.3 சதவீதத்தில் மட்டுமே.

இந்த எண்களிலிருந்து ஒன்று தெரிகிறது. பெரும்பாலான சம்பவங்களில் உயிரைக் காப்பாற்றும் சாகசத்துக்கு வேலையே இல்லை. நோயாளியைச் சரியாகப் படுக்க வைப்பதும், அவரைப் பற்றிய உண்மையான செய்தியைப் பணிப்பெண்ணிடமும், அவர் வழியாகக் கேப்டனிடமும் தரையில் உள்ள மருத்துவரிடமும் சிதையாமல் சேர்ப்பதுமே பக்கத்து இருக்கைக்காரர் செய்யக்கூடிய பெரிய உதவி.

விமானத்துக்குள் உடல் ஏன் தடுமாறுகிறது

விமானம் எவ்வளவு உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதைப்போல் வைக்கப்படுகிறது. அதாவது நாம் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஆரோக்கியமானவருக்குக்கூட இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92, 93 சதவீதம்வரை இறங்கக்கூடும். அவருக்கு அது தெரிவதே இல்லை. ஆனால் நுரையீரலிலோ இதயத்திலோ ஏற்கெனவே பழுது உள்ளவர், இரத்தசோகை உள்ளவர் ஆகியோருக்கு அந்தச் சிறு குறைவே மூச்சுத்திணறலாகவோ நெஞ்சுவலியாகவோ வெளிப்படலாம். காற்றழுத்தம் குறைவதால் உடலுக்குள் அடைபட்டிருக்கும் வாயுவும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரிவடைகிறது. அண்மையில் வயிற்றிலோ கண்ணிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றிப் பறக்கக் கூடாது என்பது இதனால்தான். காற்று மிக வறண்டிருப்பது, கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது, தூக்கமின்மை, பல மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பது எல்லாம் இதனோடு சேர்ந்துகொள்கின்றன.

முதல் சில நிமிடங்கள்

அருகில் இருப்பவர் சாய்ந்துவிட்டாலோ, பேச்சுக் குழறினாலோ, மூச்சுக்குத் திணறினாலோ உடனே பணியாளரை அழையுங்கள். தலைக்கு மேலுள்ள அழைப்புப் பொத்தானைத் தண்ணீர் கேட்பவர்களும் அழுத்துவார்கள் என்பதால் அது அவசரம் என்று யாருக்கும் தெரியாது. எனவே பொத்தானை அழுத்துவதோடு நிற்காமல் உரக்கக் கூப்பிடுங்கள், அல்லது இடைவழிப் பக்கம் இருப்பவரை ஓடச் சொல்லுங்கள். வருபவரிடம் முதலில் சொல்ல வேண்டியவை மூன்றுதான்: நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா, என்ன நடந்தது. கழிவறைக்குப் போனவர் நெடுநேரமாகத் திரும்பவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். பூட்டிய கழிவறைக் கதவைப் பணியாளர்களால் வெளியிலிருந்தே திறக்க முடியும்.

விமானப் பணியாளர்கள் உணவு பரிமாறுவதற்காக மட்டும் இருப்பவர்கள் அல்லர்; முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது), ஏஇடி கருவியை (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது) கையாளுதல் ஆகியவற்றில் பயிற்சி பெற்றவர்கள். வழக்கமாக ஒருவர் நோயாளியை விட்டு நகராமல் இருப்பார், இன்னொருவர் மருந்துப் பெட்டியையும் ஆக்சிஜன் உருளையையும் கொண்டுவருவார், மூன்றாமவர் கேப்டனோடு இன்டர்காமில் பேசுவார். அவர்கள் வந்த பிறகு பொறுப்பு அவர்களுடையது. இடத்தைக் காலி செய்யச் சொன்னால் எழுந்து கொடுங்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் கைபேசியில் படமெடுப்பதும் அந்தக் குறுகிய இடைவழியை அடைப்பதற்கே உதவும்.

தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவராக இருந்தால், பணியாளர்களில் ஒருவருக்கும் அந்த மொழி தெரியாமல் போகலாம். அப்போது அதே விமானத்தில் இருக்கும் தமிழர் ஒருவர் தாமாக முன்வந்து ‘நான் பேசித் தருகிறேன்’ என்று சொல்வது மருந்துக்கு நிகரான உதவி. “அம்மா, எங்க வலிக்குது? எப்ப ஆரம்பிச்சுது? இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா? என்ன மாத்திரை போடுறீங்க? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? எந்த மருந்தாவது ஒத்துக்காதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்த்ததும் “ஒண்ணுமில்ல, கேஸ்தான்” என்று தீர்ப்பு சொல்லிவிடும் பழக்கம் உண்டு. பெரியவர்களும் மற்றவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று அதை ஆமோதித்துவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு தரையிலுள்ள மருத்துவர் காதுக்குப் போய்ச் சேரக் கூடாது. ‘நெஞ்சு அடைக்கிறது, இடது கை கனக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது’ என்ற அறிகுறிகள்தான் போக வேண்டும்.

பெரியவர்களைத் தனியாக அனுப்பும் பிள்ளைகளுக்கு இதையொட்டி ஒரு வேண்டுகோள். சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்வதோடு கடமை முடிந்துவிடவில்லை. நோய்களின் பெயர், மருந்துகளின் மூலப்பெயரும் (ஜெனரிக் பெயர்) அளவும், ஒவ்வாமை, மருத்துவரின் பெயர், அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதி, பாஸ்போர்ட்டோடு வைத்து அனுப்புங்கள். இரண்டு நாள் கூடுதலாகவே மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். அந்தப் பை தலைக்கு மேலுள்ள பெட்டிக்குள் போகாமல் முன்னிருக்கையின் அடியில் இருக்கட்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது, அங்கே அது உறைந்து கெட்டுவிடக்கூடும்.

எந்த நிலைக்கு என்ன செய்வது

மயக்கத்திலிருந்து தொடங்குவோம், அதுதான் மிகுதி. முகம் வெளுத்து, வியர்த்து, கண் இருட்டுகிறது என்று சொல்லிச் சரிபவரை நிமிர்த்தி உட்கார வைக்கப் பார்ப்பதே பலர் செய்யும் தவறு. மூளைக்கு இரத்தம் போகவில்லை என்பதால்தான் அவர் சாய்கிறார். அவரைப் படுக்க விட வேண்டும். கைதாங்கிகளை உயர்த்தி மூன்று இருக்கைகளின் மீது படுக்க வைக்கலாம், அல்லது தரையில் கிடத்திக் கால்களை ஒரு பையின் மீது தூக்கி வைக்கலாம். கழுத்துப் பொத்தானையும் இடுப்பு இறுக்கத்தையும் தளர்த்துங்கள். சாதாரண மயக்கமாக இருந்தால் சில நிமிடங்களில் நிறம் திரும்பிவிடும். நன்றாக நினைவு வந்த பிறகு தண்ணீரோ பழச்சாறோ கொடுத்து, சிறிது நேரம் கழித்து மெதுவாக உட்கார வையுங்கள். உடனே எழுந்து நடக்கவிட்டால் மறுபடியும் விழுவார். படுக்க வைத்தும் தெளியவில்லை, நெஞ்சுவலி இருக்கிறது, நாடி ஒழுங்கற்று ஓடுகிறது, ஒரு பக்கம் செயலிழக்கிறது என்றால் அதைச் சாதாரண மயக்கமாகக் கருதக் கூடாது.

சர்க்கரை நோயாளிக்கு வரும் தாழ்சர்க்கரை நிலைக்கு விமானத்துக்கே உரிய ஒரு காரணம் உண்டு. உணவு வண்டி புறப்படுவதைப் பார்த்ததும், மணம் வந்ததும், ‘சாப்பாடு வந்துவிட்டது’ என்று இன்சுலின் போட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில் விமானம் குலுங்கத் தொடங்க, பரிமாறுவதை நிறுத்திப் பணியாளர்களும் அமர்ந்துவிடுவார்கள். அரைமணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்து, பேச்சு தடுமாறும். எனவே தட்டு மடிப்பலகையில் வந்து அமர்ந்த பிறகே ஊசி போட வேண்டும். அப்படியும் நேர்ந்துவிட்டால், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு ஒரு கோப்பை பழச்சாறோ, மூன்று நான்கு சர்க்கரைப் பொட்டலங்களைக் கரைத்த தண்ணீரோ கொடுங்கள்; சர்க்கரையில்லாத டயட் குளிர்பானம் பயன்படாது. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, தேவையானால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போகும். அவருக்கு நரம்பு வழியாகச் செலுத்த வேண்டிய குளுக்கோஸ் மருத்துவப் பெட்டியில் இருக்கும்.

வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் கரண்டியை வைப்பதும் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. இரும்பால் வலிப்பு நிற்பதில்லை, தானாகவே நிற்கும் நேரத்தில் சாவி கையில் இருந்திருக்கும், அவ்வளவே. கரண்டியோ பல்லை உடைக்கும். தலை கைதாங்கியிலும் முன்னிருக்கையிலும் மோதாதபடி தலையணையும் போர்வையும் வைத்து, பிடித்து அழுத்தாமல், வலிப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ அடுத்தடுத்து வந்தாலோ நிலைமை கடுமையானது.

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி என்றால் அவரை நடக்கவிடாமல், சற்றுச் சாய்த்து உட்கார வையுங்கள். அவரிடம் ஏற்கெனவே நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருந்தால் அதைப் பற்றிப் பணியாளரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தம் தாழ்ந்திருப்பவருக்கும், அண்மையில் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில் போன்ற மாத்திரை எடுத்தவருக்கும் அது ஆபத்து என்பதால் கேட்டுவிட்டே கொடுக்க வேண்டும். ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லாதவருக்கு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லித் தரை மருத்துவர் அறிவுறுத்தலாம். ஆனால் முகம் ஒரு பக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். அங்கே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, ஏனெனில் அடைப்பா கசிவா என்று ஸ்கேன் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.

ஆஸ்துமா இழுப்பு உள்ளவர் தம் இன்ஹேலரைப் பயன்படுத்தட்டும். இல்லையென்றால் பெரும்பாலும் விமானத்தின் பெட்டியில் ஒன்று இருக்கும். உணவுக்குப் பின் உடலெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சடைப்பு, மயக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது கடும் ஒவ்வாமை. தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அதற்கு முதல் மருந்து, ஒவ்வாமை மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறும் யாருக்கும் தலைக்கு மேலுள்ள முகமூடியை இறக்கித் தரலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது முடியாது. அவை காற்றழுத்தம் குறையும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சில நிமிடங்களுக்கு மட்டும் ஆக்சிஜன் தருபவை. ஒருவருக்கான ஆக்சிஜன் தனி உருளையிலிருந்தே வரும்.

நினைவும் இயல்பான மூச்சும் இரண்டுமே இல்லையென்றால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு நிமிடத் தாமதமும் பிழைக்கும் வாய்ப்பைச் சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைக்கிறது. இருக்கையில் உட்கார்ந்த நிலையில் நெஞ்சை அழுத்திப் பயனில்லை. கீழே கெட்டியான தரை வேண்டும். இரண்டு பேர் அக்குளிலும் முழங்காலிலும் பிடித்து, கதவருகிலோ உணவு வைக்கும் பகுதியிலோ இருக்கும் திறந்த இடத்துக்கு அவரை இழுத்துச் செல்ல வேண்டும். அது தொலைவில் இருந்தால் இடைவழியிலேயே தொடங்கிவிட வேண்டும். இடைவழியில் பக்கவாட்டில் மண்டியிட இடம் கிடைக்காது என்பதால், தலைமாட்டில் மண்டியிட்டு முன்னால் குனிந்து அழுத்துவதுண்டு. நெஞ்சின் நடுவில் ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பயிற்சி உள்ளவர்கள் முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு கொடுக்கலாம். இல்லாதவர்கள் அழுத்துவதை மட்டும் விடாமல் செய்யட்டும். எவ்வளவு திடமானவரும் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார், ஆகவே ஆள் மாற வேண்டும். ஏஇடி வந்தவுடன் நெஞ்சைத் துடைத்து ஒட்டுப்பட்டைகளை ஒட்டினால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கருவியே குரலில் சொல்லும். அது அதிர்ச்சி கொடுக்கும் நொடியில் யாரும் தொடக் கூடாது, ஆக்சிஜன் முகமூடியையும் எட்டத் தள்ளி வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் விமான நிறுவனம் 1991-இல் தன் விமானங்களில் இந்தக் கருவியை வைக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 2004 முதல் பெரிய பயணிகள் விமானங்களுக்கு இது கட்டாயம்.

“மருத்துவர் யாராவது இருக்கிறீர்களா?”

மேலே சொன்ன ஆய்வில் 48.1 சதவீதச் சம்பவங்களில் பயணியாக வந்த மருத்துவர் ஒருவர் உதவியிருக்கிறார். அறிவிப்பைக் கேட்டு எழும் மருத்துவரோ செவிலியரோ முதலில் தம் தகுதியையும் துறையையும் சொல்லி, அடையாள அட்டை இருந்தால் காட்ட வேண்டும். மது அருந்தியிருந்தாலோ தூக்க மாத்திரை போட்டிருந்தாலோ அதை மறைக்காமல் சொல்லி விலகிக்கொள்வதே நேர்மை. என்ஜின் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் பெரும்பாலும் பயன்படாது. இரத்த அழுத்தத்தைக் காதால் கேட்டு அளப்பதற்குப் பதில், மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி பட்டையின் காற்றை இறக்கி, துடிப்பு திரும்பும் இடத்தைக் கணக்கில் கொள்வதே நடைமுறை. பெட்டியில் என்ன இருக்கிறது என்பது நாட்டுக்கும் நிறுவனத்துக்கும் ஏற்ப மாறுவதால், முதலில் உள்ளடக்கப் பட்டியலைக் கேட்டு வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பலரும் வியந்து சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. 1995-இல் ஹாங்காங்கிலிருந்து லண்டன் சென்ற விமானத்தில், ஏறுவதற்கு முன் மோட்டார்சைக்கிள் விபத்தில் சிக்கியிருந்த ஒரு பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தானது. எலும்பு மருத்துவப் பேராசிரியர் ஆங்கஸ் வாலஸ், இன்னொரு மருத்துவரின் துணையோடு, சட்டை மாட்டும் கம்பியைப் பிராந்தியில் தோய்த்து, சிறுநீர் வடிக்கும் குழாயை அதன் உதவியால் நெஞ்சுக்குள் செலுத்தி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டுக் காற்றை வெளியேற்றினார். அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் இதை முன்மாதிரியாகக் கொள்வதைவிட, அடிபட்டவர் பரிசோதனை செய்துகொள்ளாமல் விமானம் ஏறியதன் விளைவாகப் படிப்பதே நல்லது என்பேன். சாதாரண நாளில் விமானத்தில் உதவும் மருத்துவரின் வேலை, நிலைமையைத் தாங்கிப் பிடிப்பதும் தரை மருத்துவ மையத்தோடு கலந்து பேசுவதுமே.

சட்டத்துக்கு அஞ்சி உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு விமான மருத்துவ உதவிச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவும் மருத்துவரை, கடும் அலட்சியமோ வேண்டுமென்றே செய்த தவறோ இல்லாதவரை, வழக்கிலிருந்து காக்கிறது. வேறு நாட்டு விமானங்களுக்கு வேறு சட்டம். சில ஐரோப்பிய நாடுகளில் உதவாமல் இருப்பதே குற்றமாகலாம். செய்ததையும் பார்த்ததையும் நேரத்தோடு எழுதி வைப்பது எல்லா நாட்டுச் சட்டத்திலும் துணை நிற்கும்.

திருப்புவதா, தொடர்வதா

இதை முடிவு செய்பவர் கேப்டன் ஒருவரே. மருத்துவர் பரிந்துரைக்கலாம், உறவினர் மன்றாடலாம், ஆனால் முடிவு அவருடையது. பல நிறுவனங்கள் தரையிலுள்ள மருத்துவ ஆலோசனை மையங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரிலிருந்து இயங்கும் மெட்லிங்க் அவற்றில் ஒன்று. அந்த மையத்தின் மருத்துவர், எந்த நகரில் இதய சிகிச்சை வசதி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார். கேப்டன் அதோடு வானிலை, ஓடுதளத்தின் நீளம், விமானத்தின் எடை ஆகியவற்றையும் எடைபோட வேண்டும். எரிபொருள் நிறைந்த விமானத்தின் எடை, தரையிறங்க அனுமதித்த எடையைவிடக் கூடுதலாக இருக்கும். நெடுந்தூர விமானங்கள் சிலவற்றால் எரிபொருளை வானிலேயே வெளியேற்ற முடியும், ஏர்பஸ் ஏ320 போன்ற சிறிய விமானங்களால் முடியாது. கடலுக்கு நடுவே இருந்தால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே நேரத்தையே எடுக்கக்கூடும். ஆகவே ‘கீழே ஏதோ ஊர் தெரிகிறதே, இறக்குங்கள்’ என்று பணியாளரிடம் சண்டை போடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தரையிறங்கிய பிறகு

இறங்கும்போது நோயாளியை இருக்கைப் பட்டையிலோ தரையில் பாதுகாப்பாகவோ இருத்த வேண்டும். உதவுபவர்களும் கேப்டன் சொல்லும் நேரத்தில் அமர்ந்துகொள்ள வேண்டும். சக்கரம் தரையைத் தொட்டவுடனே எழுந்து பெட்டியை எடுக்கும் வழக்கத்தை அன்றைக்காவது கைவிட்டு, மருத்துவக் குழுவினர் ஏறி நோயாளியை இறக்கிச் செல்லும்வரை அமர்ந்திருங்கள். துணைக்கு வந்தவர் அவரோடு இறங்கலாம். விசா இல்லாத நாடாக இருந்தால் விமான நிலைய அதிகாரிகளோடு பேசி ஏற்பாடு செய்வதற்கு நிறுவனத்தின் ஊழியர் வருவார். நோயாளியின் பாஸ்போர்ட், மருந்துப் பை, கண்ணாடி, பல்செட், கைபேசி, அதன் சார்ஜர் ஆகியவை இருக்கையிலேயே விடுபட்டுப் போவது வழக்கம் என்பதால் முன்னிருக்கைப் பையையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, எந்த மருந்து எவ்வளவு கொடுக்கப்பட்டது, நாடியும் அழுத்தமும் எப்படி இருந்தன என்று விமானத்தில் எழுதிய தாளின் ஒரு பிரதி ஆம்புலன்ஸில் நோயாளியோடு போக வேண்டும். இன்னொன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் பயணக் காப்பீட்டுத் தொகை கேட்டு விண்ணப்பிக்கும்போது அது உதவும்.